டிக் ஆலன்: திமிரா, சுயமரியாதையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என்னைப் பேச அழைத்தவர் என் பெயரைச் சொல்லவில்லை. "அடுத்து நம்ம ஃபெல்லோஷிப் பையன் பேசுவார்" என்றார். அரங்கில் லேசான சிரிப்பு. நான் மேடையேறி என் பெயரையும் ஆய்வுத் தலைப்பையும் நானே சொல்லிவிட்டுக் கட்டுரையை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "நல்லாத்தான் பேசுறான். ஆனா கொஞ்சம் திமிரு."

இந்த வாக்கியம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. முதல் பாதியில் சான்றிதழ் கொடுப்பார்கள், 'ஆனா' என்ற சொல்லுக்குப் பிறகு அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். கைகட்டி நிற்க வேண்டியவர் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒருவர் கைகட்டாமல் நிற்கும்போதுதான் பெரும்பாலும் அந்த 'ஆனா' வந்து விழுகிறது.

அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் இந்த 'ஆனா'வை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் டிக் ஆலன். 1972-இல் மூழ்கிக்கொண்டிருந்த சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியைத் தூக்கி நிறுத்தியவர். 2020 டிசம்பர் 7 அன்று இறந்தார். பேஸ்பாலின் உச்ச அங்கீகாரமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது 2024 டிசம்பர் 8 அன்று. நான்கு ஆண்டும் ஒரு நாளும் தாமதம்.

'சர்ச்சை நாயகன் அணியைக் காப்பாற்றினான்' என்ற தலைப்பில் விளையாட்டு எழுத்தாளர்கள் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அந்தத் தலைப்பில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. சர்ச்சை யாருடையது என்பது ஒன்று. காப்பாற்றப்பட்டது எது என்பது இன்னொன்று.

லிட்டில் ராக்கில் தொடங்கியது

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: மட்டையாளர் பந்தை அடித்து வேலிக்கு வெளியே அனுப்பினால் அது ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரிதான், ஆனால் அதைவிடப் பல மடங்கு அரிது. ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடும். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து ஒருவர் 30 ஹோம் ரன் அடித்தாலே அவர் பெரிய மட்டையாளர்.

ஆலன் 1942-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வாம்பம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அது பழம்பெரும் அணிதான். ஆனால் 1947-இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்து முதன்மை லீக்குக்குள் நுழைந்தபோது அவரைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் வசைபாடிய அணியும் அதுதான். நேஷனல் லீக்கில் கடைசியாகக் கறுப்பின வீரரைச் சேர்த்ததும் அதே அணிதான். அதற்கு 1957 வரை ஆனது.

1963-இல் ஆலனை அந்த நிர்வாகம் பயிற்சிக்காக அர்கான்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகருக்கு அனுப்பியது. அந்தப் பெயர் நினைவிருக்கலாம். 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையவிடாமல் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் படையை நிறுத்தினாரே, அதே ஊர். அந்த மாணவர்களை உள்ளே அழைத்துச் செல்ல அமெரிக்க அதிபர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கிருந்த அர்கான்சாஸ் டிராவலர்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரர் ஆலன். வயது 21. எந்த ஊருக்குப் போகிறோம், என்ன காத்திருக்கிறது என்று நிர்வாகத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் மைதானத்துக்கு வெளியே எதிர்ப்புப் பதாகைகள். சடங்காக முதல் பந்தை வீசித் தொடங்கி வைத்தவர் அதே ஆளுநர் ஃபாபஸ். ஆட்டம் முடிந்து வந்தால் கார் கண்ணாடியில் மிரட்டல் சீட்டு. அந்த சீசனில் அவர் 33 ஹோம் ரன் அடித்தார்.

பின்னாளில் 'ஏன் இவர் யாரையும் நம்புவதில்லை, ஏன் ஒதுங்கியே நிற்கிறார்' என்று பத்திரிகையாளர்கள் வியந்து வியந்து எழுதினார்கள். 21 வயதுப் பையனைத் தனியாக அந்த ஊருக்கு அனுப்பிய நிர்வாகத்தைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூட அவர்கள் எழுதவில்லை.

பெயர் கேட்டதும் குற்றம்

1964-இல் ஃபிலடெல்ஃபியாவில் முழு சீசன் ஆடினார். நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருது கிடைத்தது. பேட்டிங் சராசரி .318, ஹோம் ரன் 29. அதே ஆகஸ்ட் மாதம், மைதானம் இருந்த வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் காவல்துறையின் அத்துமீறலுக்கு எதிரான கோபம் மூன்று நாள் கலவரமாக வெடித்தது. நகரத்தின் வெள்ளையினத்தவர் கறுப்பின மக்களை எந்தக் கண்ணோடு பார்த்தார்களோ, அதே கண்ணோடுதான் மைதானத்தில் நின்ற மிகப் பிரபலமான கறுப்பினத்தவரையும் பார்த்தார்கள்.

அவருடைய பெயரும் அவரிடம் இல்லை. வீட்டில் அவர் 'டிக்'. அணியும் பத்திரிகைகளும் அவரை 'ரிச்சி' என்றே அழைத்தன. "அது சின்னப் பையனைக் கூப்பிடும் பெயர், என்னை டிக் என்று அழையுங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பல ஆண்டுகள் யாரும் காதில் வாங்கவில்லை. பெரிய மனிதனைப் பெயர் சுருக்கி, பையனாக்கி அழைப்பது அமெரிக்கத் தெற்கின் பழைய வழக்கம். அதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், அவர் தன் பெயரைக் கேட்டதையே பத்திரிகைகள் அவருடைய 'பிரச்சினைகள்' பட்டியலில் சேர்த்தன.

1965 ஜூலையில் ஃபிராங்க் தாமஸ் என்ற மூத்த வெள்ளையின வீரருடன் களத்தில் தகராறு. ஆலன் குத்தினார். தாமஸ் மட்டையால் ஆலனின் தோளில் அடித்தார். அன்றிரவே நிர்வாகம் தாமஸை அணியைவிட்டு விலக்கியது. நடந்ததைப் பற்றி வாய் திறந்தால் அபராதம் என்று ஆலனை எச்சரித்தது. தாமஸ் தன் தரப்பைத் தாராளமாகச் சொன்னார். ஆலன் மௌனமாக இருக்க வேண்டியிருந்தது. நல்ல மனிதர் ஒருவரின் பிழைப்பைக் கெடுத்தவன் என்று ரசிகர்கள் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அடி வாங்கியவர் குற்றவாளியானார்.

அதன்பின் அரங்கிலிருந்து நாணயங்கள், பாட்டில்கள், பாட்டரிகள் பறந்து வந்தன. மட்டையாளர்கள் அணியும் ஹெல்மெட்டை, தடுப்பாட்டம் ஆடும்போதும் கழற்றாமல் நின்றார் ஆலன். எதிரணியின் பந்துக்குப் பயந்து அல்ல, சொந்த ஊர் ரசிகர்களுக்குப் பயந்து! 1969-இல் முதல் பேஸ் அருகே மண்ணில் காலால் எழுத்துகளை எழுதத் தொடங்கினார். ரசிகர்களின் 'பூ' என்ற கூச்சலையே மண்ணில் எழுதி வைத்தார். பேஸ்பாலின் தலைமை ஆணையர் போவி கூன், அதை நிறுத்தச் சொன்னார். அடுத்து 'நோ' என்று எழுதினார், 'ஒய்' என்று எழுதினார். பேசத் தடை விதிக்கப்பட்ட ஒருவர் தன் காலடி மண்ணில் எழுதினார். அதையும் பொறுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆலனைப் புனிதராக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர் குடித்தார். பயிற்சிக்குத் தாமதமாக வந்தார். குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டு 1969 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஆட்டங்களுக்கு வராமலே போனார். 26 ஆட்டங்கள் இடைநீக்கம் பெற்றார். சக வீரர்கள் சிலருக்கு இதில் நியாயமான வருத்தம் இருந்தது. ஆனால் குடித்த வெள்ளையின வீரர்களைப் 'போக்கிரித்தனமான செல்லப்பிள்ளைகள்' என்று ரசித்து எழுதிய அதே பேனாக்கள், ஆலனைப் பற்றி எழுதும்போது 'ஒழுக்கம்' என்ற சொல்லைத் தேடி எடுத்தன. ஒடுக்கப்பட்டவர் ஒருவருக்கு நியாயம் கேட்க அவர் குறையே இல்லாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாம் ஏற்க வேண்டியதில்லை.

விற்கப்பட்ட இருவர்

1969 அக்டோபரில் ஆலனை செயின்ட் லூயிஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, மாற்றாக வேறு வீரர்களைப் பெற்றது ஃபிலடெல்ஃபியா. அப்படி ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர். அவர் போக மறுத்தார்.

அன்றைய விதிப்படி ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவர்மீதான உரிமை அணியிடமே இருக்கும். அணி விரும்பும்வரை அவரை வைத்துக்கொள்ளலாம், விரும்பும்போது கைமாற்றலாம். வீரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கத் தான் ஒரு சொத்து இல்லை என்று ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு, ஃபிளட் நீதிமன்றம் போனார். 1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துபோயிருந்தது. 1975 இறுதியில் ஒரு நடுவர் தீர்ப்பு அந்த விதியை உடைத்தபோது பலன் அடைந்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

ஆலனும் அதே சந்தையில் கைமாறிக்கொண்டே இருந்தார். 1970-இல் செயின்ட் லூயிஸ், 1971-இல் லாஸ் ஏஞ்சலிஸ். இரண்டு இடங்களிலும் நன்றாகவே ஆடினார். இரண்டு அணிகளும் ஒரே ஆண்டில் அவரைக் கைகழுவின. 1971 டிசம்பரில் நான்காவது அணியாக சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை வாங்கியது. யாரும் நிரந்தரமாக வேண்டாம் என்ற வீரர், யாரும் பார்க்க வராத அணி.

தெற்கு சிகாகோவின் காலி இருக்கைகள்

அப்போது ஒயிட் சாக்ஸ் இருந்த நிலையைப் பாருங்கள். 1970-இல் 106 தோல்விகள். சீசன் முழுவதும் கொமிஸ்கி பார்க் மைதானத்துக்கு வந்தவர்கள் ஐந்து லட்சம் பேர்கூட இல்லை. நாற்பதாயிரத்துக்கும் மேல் உட்காரக்கூடிய அரங்கில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறாயிரம் பேர். 1968, 69-இல் சில 'சொந்த மைதான' ஆட்டங்களை மில்வாக்கி நகருக்கு எடுத்துப்போய் ஆடிப் பார்த்தார்கள். அணியையே வேறு ஊருக்கு விற்றுவிடும் பேச்சு ஓயவில்லை. 1971-இல் பெரிய வானொலி நிலையம் எதுவும் முன்வராததால் புறநகரின் சிறு நிலையங்கள் வழியாகத்தான் வர்ணனை போனது.

கூட்டம் வராததற்குத் தோல்விகள் மட்டும் காரணம் இல்லை. கொமிஸ்கி பார்க் தெற்கு சிகாகோவில் இருந்தது. மேற்கே மேயர் டேலி குடியிருந்த பிரிட்ஜ்போர்ட், வெள்ளையினத் தொழிலாளர்களின் கோட்டை. கிழக்கே 1960களின் தொடக்கத்தில் போடப்பட்ட டேன் ரயன் விரைவுச்சாலை. அதைத் தாண்டினால் ஸ்டேட்வே கார்டன்ஸ், ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என வரிசையாக அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகள். கறுப்பின ஏழைகளை மொத்தமாகக் குவித்து வைத்த இடம். வசதி படைத்த வெள்ளையினத்தவர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 'அந்தப் பக்கம் ஆபத்து' என்ற பேச்சு பரவியது. நம் ஊரில் 'அந்த ஏரியா சரியில்ல' என்பார்களே, அதே தொனி. இத்தனைக்கும் 1933 முதல் கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் நட்சத்திர ஆட்டங்கள் ஆண்டுதோறும் நடந்ததும், நாடெங்கிலுமிருந்து கறுப்பின மக்கள் நல்ல உடை உடுத்தித் திருவிழாபோல வந்து குவிந்ததும் இதே கொமிஸ்கி பார்க்கில்தான்.

வேலையும் போய்க்கொண்டிருந்தது. அருகிலிருந்த, உலகப் புகழ்பெற்ற யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் கால்நடைச் சந்தை 1971-இல் மூடப்பட்டது. 1966-இல் வீட்டு வசதி உரிமை கேட்டு ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்தது இந்த நகரத்தில். 1969 டிசம்பரில் பிளாக் பேந்தர் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனை, 21 வயதில், படுக்கையறையிலேயே காவல்துறை சுட்டுக் கொன்றது இந்த நகரத்தில். அந்த நகரத்துக்குத்தான் 'திமிர் பிடித்தவன்' என்ற பட்டத்தோடு ஒரு கறுப்பினத்தவர் வந்து இறங்கினார்.

சக் டேனர் செய்த ஒரே காரியம்

ஒயிட் சாக்ஸ் மேலாளர் சக் டேனர் வெள்ளையினத்தவர். வாம்பத்துக்குப் பக்கத்து ஊரான நியூ காசில்காரர். ஆலனின் குடும்பத்தை நன்கு அறிந்தவர். அவர் மந்திரம் எதுவும் போடவில்லை. ஆலனை டிக் என்று அழைத்தார். ஆட்டத்துக்கு முந்தைய மட்டைப் பயிற்சிக்கு வராவிட்டாலும் பெரிதுபடுத்தவில்லை. ஆட்டம் தொடங்கும்போது தயாராக இரு என்பது மட்டுமே நிபந்தனை. ஆலனைக் கண்காணிக்கப்பட வேண்டியவராக நடத்தாமல், தன் வேலை தெரிந்த மனிதராக நடத்தினார்.

'ஒருவருக்கு மட்டும் சலுகையா' என்று கேட்டவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி என்பது கேட்க அழகாக இருக்கும். ஒருவரைத் தனியாகப் பிரித்து லிட்டில் ராக்குக்கு அனுப்பியபோது, ஒருவருக்கு மட்டும் வாய்ப்பூட்டுப் போட்டபோது, அந்த ஒரே விதி எங்கே போயிருந்தது? அநீதி செய்யும்போது ஆள் பார்த்துச் செய்துவிட்டு, நியாயம் என்று வரும்போது மட்டும் 'எல்லோரும் சமம்' என்பவர்களை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

1972 சீசனே அமெரிக்க பேஸ்பாலின் முதல் வீரர் வேலைநிறுத்தத்தோடு தொடங்கியது. அதனால் ஒயிட் சாக்ஸ் ஆடியது 154 ஆட்டங்கள். வென்றது 87. ஆலன் 37 ஹோம் ரன் அடித்தார்; அதுவரை எந்த ஒயிட் சாக்ஸ் வீரரும் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. ஹோம் ரன்னிலும், 113 ஓட்டங்களைக் கொண்டுவந்ததிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே. அந்த ஆண்டு சாம்பியன் ஆன ஓக்லாந்து அணியைக் கடைசிவரை துரத்தி இரண்டாமிடத்தில் முடித்தார்கள்.

ஜூன் 4-ஆம் தேதிக் கதையை சிகாகோக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். நியூயார்க் யாங்கீஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். அரங்கில் 51 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இரண்டாவது ஆட்டத்தில் ஆலனுக்கு ஓய்வு. உடைமாற்றும் அறையில் சில்லி டாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி இன்னிங்ஸில் அணி 4-2 என்று பின்தங்கியிருக்க, டேனர் ஆள் அனுப்பினார். குழம்பு சிந்திய சட்டையை மாற்றிக்கொண்டு வந்த ஆலன், யாங்கீஸின் சிறந்த பந்துவீச்சாளர் ஸ்பார்க்கி லைல் வீசிய பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். 5-4. அதே மாதம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் அவர்: வாயில் சிகரெட், கைகளில் மூன்று பந்துகளை மேலே எறிந்து பிடித்து வித்தை காட்டிக்கொண்டு. யாருக்காகவும் முகத்தை மாற்றிக்கொள்ளாத ஒரு மனிதரின் படம்.

அந்த ஆண்டு கொமிஸ்கி பார்க்குக்கு வந்தவர்கள் 11 லட்சத்து 77 ஆயிரம் பேர். இரண்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். பிரிட்ஜ்போர்ட்டின் ஐரிஷ் பையன்களும் ஸ்டேட்வே கார்டன்ஸின் கறுப்பினப் பையன்களும் ஒரே மனிதரின் பெயரை, அவர் விரும்பிய பெயரை, கத்தினார்கள். அன்று 20 வயதுப் புதுமுகமாக இருந்து, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் பந்துவீச்சாளரான ரிச் கொசேஜ், ஆலன் தனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த ஆசான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஃபிலடெல்ஃபியா 'அணியைக் கெடுப்பவன்' என்று துரத்திய அதே மனிதர்தான் இவர்.

தனியொருவர் சாதித்தது இது என்று சொல்வதும் சரியாகாது. நிர்வாகி ரோலண்ட் ஹெமண்டும் டேனரும் முந்தைய ஆண்டே அணியைச் சீர்செய்யத் தொடங்கியிருந்தார்கள். வர்ணனையாளர் ஹாரி கேரே சாதாரண ரசிகர்களின் இருக்கைகளிலேயே உட்கார்ந்து வர்ணனை செய்து கூட்டத்தை ஈர்த்தார். வில்பர் உட் 24 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஆனால் மக்கள் டிக்கெட் வாங்கியது ஆலனைப் பார்க்க.

நகரம் மீண்டதா?

'அணியையும் நகரத்தையும் உயிர்ப்பித்தவர்' என்ற வாக்கியத்தின் பின்பாதியில்தான் எனக்குச் சந்தேகம். 1970-இல் 33 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த சிகாகோவின் மக்கள்தொகை 1980-இல் 30 லட்சமாகச் சுருங்கியது. ஸ்டாக் யார்ட்ஸ் திரும்பத் திறக்கவில்லை. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸில் மின்தூக்கிகள் ஓடத் தொடங்கவில்லை. 37 ஹோம் ரன்கள் ஒரு விரைவுச்சாலையை நகர்த்திவிடாது.

நகரத்தை நகர்த்திய வேலை வேறு இடத்தில் நடந்தது. ஹாம்ப்டன் கொலைக்கு இட்டுச்சென்ற அந்தச் சோதனையை நடத்திய அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ரஹானை 1972 நவம்பர் தேர்தலில் கறுப்பின வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். டேலியின் கட்சி எந்திரத்தில் அது பெரிய விரிசல். 1983-இல் ஹரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானதற்கான வழியில் அதுவும் ஒரு படி. அதே 1972-இல்தான் பிளாக் பேந்தர்களின் பெயரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் பேந்தர்கள் உருவானார்கள். பெயரைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் துணிவு அப்போது கடல் தாண்டிப் பயணித்துக்கொண்டிருந்தது.

நட்சத்திரம் வந்து நகரத்தை மீட்கும் என்ற கதை ஆளும் தரப்புக்கு வசதியானது. வீடு, வேலை, பள்ளி பற்றிப் பேச வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். ஆலன் நகரத்துக்குக் கொடுத்தது அதைவிடச் சிறியது, ஆனால் உண்மையானது. சாலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்து உட்கார ஒரு காரணத்தைக் கொடுத்தார். தலை குனியாத ஒரு கறுப்பினத்தவரை ஒரு நகரமே கொண்டாட முடியும் என்று காட்டினார்.

அதுவும் நீடிக்கவில்லை. 1973-இல் பேஸ்பாலிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் வீரரானார், ஜூன் மாதம் கால் எலும்பு முறிந்தது. 1974 செப்டம்பரில், அணிக்குள் வளர்ந்த கசப்புகளுக்கு நடுவே, கண்ணீரோடு சக வீரர்களிடம் சொல்லிவிட்டு, சீசன் முடியும் முன்பே வெளியேறினார். அப்படிப் போயும் அந்த ஆண்டு 32 ஹோம் ரன்களோடு லீக்கில் அவர்தான் முதலிடம். பாதியில் விட்டுப் போனது தவறு என்று அன்று வருந்திய ரசிகர்களைக் குறைசொல்ல முடியாது. அவர் இல்லாத 1975-இல் கூட்டம் ஏழரை லட்சமாகச் சரிந்தது. அணி மீண்டும் விற்பனைக்கு வந்து, சியாட்டிலுக்குப் போகாமல் மயிரிழையில் தப்பியது.

'ஒழுக்க' விதியின் ஒழுக்கம்

மீண்டும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வருவோம். 351 ஹோம் ரன்கள் அடித்த ஆலனுக்கு, பத்திரிகையாளர்கள் வாக்களித்த காலம் முழுவதும் 20 விழுக்காடு வாக்குகூட எந்த ஆண்டும் கிடைக்கவில்லை. தேவை 75. பிறகு மூத்தோர் குழுவிடம் போனது. 2014-இல் ஒரு வாக்கில் தவறியது. 2020 டிசம்பரில் நடக்க வேண்டிய வாக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனது. அந்த மாதமே அவர் இறந்தார். 2021-இல் மறுபடி ஒரு வாக்கில் தவறியது.

வாக்களிக்கும்போது வீரரின் நேர்மை, குணம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கறுப்பின வீரர்களோடு களமிறங்க மறுத்து, நிறத்தடை உருவாகக் காரணமானவர்களில் முதன்மையானவர் கேப் ஆன்சன். அவரும் சிகாகோ நட்சத்திரம். 1939 முதல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 1920 முதல் 1944 வரை ஆணையராக இருந்த கெனசா லாண்டிஸின் காலத்தில் ஒரு கறுப்பின வீரர்கூட முதன்மை லீக்கில் ஆடவில்லை. அவரும் உள்ளே இருக்கிறார். இவர்களின் குணத்தை யாரும் தராசில் வைக்கவில்லை. தன் பெயரைக் கேட்டவருடைய குணம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தராசிலேயே இருந்தது.

ஃபிலடெல்ஃபியா அணி 2020 செப்டம்பரில் ஆலனின் 15-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து அவரைக் கௌரவித்தது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் அரங்கில் ரசிகர்கள் இல்லை. எந்த அரங்கிலிருந்து பாட்டில்கள் பறந்தனவோ அந்த நகரத்தின் மரியாதை, காலி இருக்கைகளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார்.

இந்தக் கதையிலிருந்து 'மரியாதை கொடுத்தால் திறமை வெளிப்படும்' என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். நிறுவன மேலாண்மை வகுப்புகளுக்கு அது நல்ல பாடம். நமக்கு அது போதாது. 37 ஹோம் ரன் அடித்ததால்தான் சிகாகோ அவரை டிக் என்று அழைத்ததா? 7 மட்டும் அடித்திருந்தால்? வாம்பத்தில் சாதாரண ஆலைத் தொழிலாளியாக இருந்து, மேற்பார்வையாளரிடம் 'என் பெயர் ரிச்சி இல்லை' என்று சொல்லியிருந்தால்? அந்தத் தொழிலாளிக்கும் அதே பெயர் கிடைக்க வேண்டும். மரியாதை பரிசாகக் கொடுக்கப்படும்வரை அதைத் திரும்பப் பிடுங்கும் கையும் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தக் கருத்தரங்கில் நான் வாசித்த கட்டுரை சுமார்தான். இன்று எடுத்துப் பார்த்தால் திருத்த நிறைய இருக்கிறது. கட்டுரை சுமாராக இருந்தாலும் என் பெயர் என் பெயர்தான்.